மீன் நியாயமும் கண்ணாடித் தொட்டியும்



ஒழுக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சி என்றால் பெரிய விஷயங்களையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பலர் கருதுகின்றனர். கொலை, களவு, சூது முதலியவற்றைப் பற்றி மேடைகளில் பேசக் கேட்கிறோம். பத்திரிகைகளில் எழுதப் படிக்கிறோம். ஆனால் மனிதனுடைய உள்ளத்தை உள்ளபடி அளந்து காட்டுபவை பெரும்பாலும் சிறு காரியங்களே. யாரும் பாராத இடத்தில், எதிர்த்துக் கேட்க வாயற்ற ஒரு பிராணியினிடத்தில், ஒருவன் எவ்விதம் நடந்துகொள்கிறான் என்பதைக் கொண்டே அவனை அறிந்துவிடலாம். ஆகவே, இவ்வாரம் ஒரு மீன் தொட்டியைப் பற்றி எழுத முன்வந்ததற்காக நேயர்கள் நம்மைப் பார்த்து நகைக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

விஷயம் இதுதான். நம் தமக்கையாரின் மகன் பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கிறான். அவன் வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. சிறு வயதில் நமக்கு மீன் வளர்ப்பதில் இருந்த மோகத்தை அறிந்தவனாதலால், சென்ற மாதம் நமக்கு ஒரு கடிதம் எழுதினான். பிரானா மீன் குஞ்சுகள் மறைவாகக் கிடைக்கும் என்று ஒருவர் ஆசை காட்டியிருக்கிறாராம். அவற்றோடு வேறு எவ்வெம்மீன்களைச் சேர்த்து விடலாம் என்று நம்மிடம் யோசனை கேட்டிருந்தான். தன் மனத்திலும் ஒரு கூச்சம் இருந்திருக்க வேண்டும். அதனால்தான் கேட்காத கேள்விக்கும் சமாதானம் சொல்லியிருந்தான். “மாமா, பெரிய மீன் சின்ன மீனைத் தின்பது இயற்கைதானே, அதில் நம்முடைய குற்றம் என்ன? வயிறு நிறையத் தீனி போட்டுவிட்டால் கடிக்காது அல்லவா? அப்படியே கடித்தாலும், மீன் குழம்பு சாப்பிடும் நாம் அதற்காக வருந்துவது வெறும் வேஷம் அல்லவா?” என்பன அவனுடைய மூன்று கேள்விகள்.

சட்டத்தைக் காட்டி ஒரே வரியில் நாம் பதில் எழுதி முடித்திருக்கலாம். மலேசியாவில் 1990ஆம் ஆண்டின் மீன்வள விதிகள் பிரானாவைத் தடை செய்யப்பட்ட மீன்களின் வரிசையில் வைத்திருக்கின்றன. சிங்கப்பூரில் அதற்கென்றே தனி விதிகள் உண்டு. நம் நாட்டு ஆறுகளும் குளங்களும் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பானவை. அலுத்துப்போன ஒருவன் ஒரு நாள் அம்மீன்களை வாய்க்காலில் கொட்டிவிட்டால் அவை அங்கேயே குடியேறிவிடக்கூடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆயினும் சட்டத்துக்கு மட்டும் அஞ்சி ஒன்றை விட்டவன், சட்டத்தின் கண் படாத இடத்தில் அதையே செய்வான். மேலும் சட்டம் தடுக்காத ஆஸ்கார் முதலிய ஊனுண்ணி மீன்கள் எத்தனையோ கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றுக்கும் இதே கேள்வி பொருந்தும். எனவே மருமகனின் நியாயங்களையே எடுத்து ஆராய்வது முறை என்று தோன்றிற்று.

முதலில் பிரானா என்பது யாது என்று பார்ப்போம். தென்னமெரிக்காவின் அமேசான், ஒரினோக்கோ, பராகுவே, பரானா முதலிய ஆறுகளே அதன் தாயகம். வீட்டுத் தொட்டிகளில் மிகுதியாக வளர்க்கப்படும் செவ்வயிற்றுப் பிரானா ஓரடி நீளம் வரை வளரும். பத்தாண்டுகளுக்கு மேலும் உயிரோடிருக்கும். முக்கோண வடிவமான அதன் பற்கள் மேலும் கீழும் கத்தரிக்கோல் போலக் கூடுவன. அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1913-14இல் பிரேசில் காடுகளில் யாத்திரை செய்து, 1914இல் வெளியிட்ட நூலில் இதனை உலகத்து மீன்களுள் மிகக் கொடியது என்று வருணித்தார். அன்று ஏற்பட்ட கெட்ட பெயர் இன்னும் நீங்கவில்லை. மாடு ஒன்று ஆற்றில் இறங்கினால் சில நிமிஷங்களில் எலும்புதான் மிஞ்சும் என்பது போன்ற கதைகளை நம்மவரும் சினிமாவில் கண்டு நம்பிவிட்டனர்.

ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. இம்மீன் மற்ற மீன்களைத் தின்பது உண்மையே. ஆனால் பூச்சி, இறால், செத்த பிராணி, விதை, இலை ஆகியவற்றையும் தின்னும். அது கூட்டமாகத் திரிவது படையெடுத்துக் கொல்வதற்காகவே என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. எல்டர் கெய்ரோஸ், ஆன் மகுரான் என்னும் இரு அறிஞர்கள் 2005இல் வெளியிட்ட ஆராய்ச்சி அவ்வெண்ணத்தை அசைத்துவிட்டது. இரண்டிரண்டாக விடப்பட்ட பிரானாக்களைக் காட்டிலும், எட்டெட்டாக விடப்பட்டவை அமைதியாக மூச்சுவிட்டன. பறவை தாக்குவது போல் பொய்யாகப் பயமுறுத்தியபோது பெருங்கூட்டத்தில் இருந்தவையே விரைவில் தெளிந்தன. முதலைக்கும் டால்பினுக்கும் நீர்க்காகத்துக்கும் இரையாகும் மீன் அது. தன் அச்சத்துக்காகவே கூட்டம் சேருகிறது. வீட்டில் வளர்த்தவர்களும் இதற்குச் சாட்சி சொல்வர்: கண்ணாடியைத் தட்டினாலும், திடீரென விளக்கைப் போட்டாலும், பேய் என்று பேரெடுத்த அம்மீன் மூலையில் போய் ஒடுங்கிக்கொள்ளும்.

நிற்க. மருமகனின் முதல் கேள்விக்கு வருவோம். பெரிய மீன் சிறிய மீனைத் தின்பது இயற்கை என்கிறான். ஆற்றில் அது இயற்கையே, மறுப்பவர் யார்? ஆனால் ஆற்றில் இயற்கை என்பது பல்லோடு முடிந்துவிடுவதன்று. துரத்தும் மீனுக்குப் பல் இருப்பது போல, ஓடும் மீனுக்கு ஓட இடம் இருக்கிறது. அமேசானில் வெள்ளம் வரும் காலத்தில் காடே நீருக்குள் நிற்கும். வேரிடுக்கும் புல்லும் நிழலும் எண்ணிறந்தன. பிரானா இனங்களுள் பல, குறிப்பாக இளம் பருவத்தில், பிற மீன்களின் துடுப்பையும் செதிளையும் கடித்துத் தின்னும் வழக்கமுடையவை. கடிபட்ட மீன் இறந்துவிடுவதில்லை. அகன்ற நீரில் எங்கோ போய் மறைந்திருக்க, அறுந்த துடுப்பு நாளடைவில் மறுபடி வளர்ந்துவிடுகிறது. தொட்டியிலோ, இன்று கடிபட்ட மீனையே நாளையும் கடிக்கும், மறுநாளும் கடிக்கும். ஆற வேண்டிய புண் ஆறுவதற்கு நாளும் இல்லை, இடமும் இல்லை.

இன்னொன்றும் காண்க. பெல்ஜியம் தேசத்து அறிஞர்கள் 2011இல் இம்மீன்களின் ஒலிகளைப் பதிவு செய்து ஆராய்ந்தனர். இரு பிரானாக்கள் எதிரெதிரே முறைத்து நிற்கும்போது ஒருவகை ஒலி. இரைக்காகச் சுற்றிவந்து மோதும்போது மற்றொரு வகை. துரத்திக் கடிக்கும்போது பல்லை நறநறவென்று கடிக்கும் மூன்றாவது வகை. ‘பல்லால் பேசுமுன் வாயால் சொல்லிவிடுகிறேன், விலகிப் போ’ என்பது போன்ற ஏற்பாடு அது. விலகிப் போக இடமுள்ளவனிடத்தில்தான் எச்சரிக்கைக்குப் பயன் உண்டு. நான்கடிக் கண்ணாடிக்குள் எங்கே விலகுவது?

இவ்வுண்மையை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதாகச் சொல்லிக்கொள்ளத் தகுதியற்றவர்கள். தோட்டத்தில் சிறுவராயிருந்தபோது, வாய்க்காலிலும் வயலோரத்துப் பள்ளங்களிலும் சண்டை மீன் பிடித்து ஜாம் போத்தல்களில் அடைத்து வைத்திருந்தோம். இரண்டு போத்தல்களை அருகருகே நிறுத்தி இடையில் ஓர் அட்டையைச் செருகிவைப்போம். அட்டையை உருவியதும் இரண்டும் செவுளை விரித்து நிறம் ஏறி நிற்கும் கோலத்தைப் பார்த்து ஆரவாரிப்போம். பிறகு இரண்டையும் ஒரே போத்தலில் விடுவோம். வாய்க்காலில் அவ்வகை மீன்கள் சந்தித்துக்கொள்வதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். சற்று நேரம் முறைத்துவிட்டு, தோற்றது கோரைக்குள் ஓடிவிடும். போத்தலுக்குள் கோரை இல்லை. தோற்ற மீனும் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வரவேண்டும். வால் கிழிந்து, செதிள் உதிர்ந்து, மறுநாள் காலை அது பக்கவாட்டில் மிதந்தது. நாம் என்ன சொன்னோம் தெரியுமா? “சண்டை மீன் என்றால் சண்டை போடத்தானே செய்யும்!” என்றோம். கை கழுவுவதற்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாயிருந்தது. இன்று மருமகன் எழுதியதும் அதே வாக்கியந்தான். இனம் மாத்திரம் மாறியிருக்கிறது.

பழைய அரசியல் நூல்களில் ‘மச்ச நியாயம்’ என்று ஒரு சொல் உண்டு. கௌடலியரின் அர்த்தசாஸ்திரத்திலும் அது வருகிறது. தண்டிக்கும் அதிகாரம் படைத்தவன் இல்லாத நாட்டில், பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவது போல வலியவன் மெலியவனை விழுங்குவான் என்பது அதன் கருத்து. இதில் நாம் கவனிக்க வேண்டிய சொல் ‘இல்லாத’ என்பதே. ஆளுபவன் இல்லாத இடத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம் அது. கண்ணாடித் தொட்டியோ ஆளுபவன் இல்லாத இடமன்று. அங்கே பகல் எப்போது, இரவு எப்போது என்று தீர்மானிப்பவன் ஒருவன் இருக்கிறான். நீரின் சூடும் அளவும் அவன் இட்ட கட்டளை. எத்தனை குடிகள், எவ்வெக்குடிகள், யாருக்கு எப்போது உணவு என்பன யாவும் அவன் சித்தம். எந்த மன்னனுக்கும் இவ்வளவு அதிகாரம் வாய்த்ததில்லை. அவ்வளவு அதிகாரத்தையும் வைத்துக்கொண்டு, கேடு வந்தபோது மட்டும் ‘இது மீன் நியாயம், இதில் எனக்குப் பங்கில்லை’ என்பது எங்ஙனம் பொருந்தும்? மதிலை எழுப்பியவன் மதிலுக்குள் நடப்பதற்குப் பொறுப்பாளி. நாம் சொல்ல வந்தது இவ்வொன்றே. மற்றவை இதன் விளக்கம்.

மதிலினால் நேரும் கேட்டுக்குப் பிரானாவின் சொந்த நாட்டிலேயே சாட்சி உண்டு. தென்கிழக்குப் பிரேசிலில் குளிப்போரைப் பிரானாக்கள் கடித்த நிகழ்ச்சிகளை விதால் ஹதாத், இவான் சசீமா என்போர் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டனர். அந்நிகழ்ச்சிகள் நேர்ந்தது, ஆற்றை அணைகட்டித் தேக்கிய நீரில். ஓட்டமற்ற நீரில் அம்மீன்கள் பெருகின. கரையோரத்தில் முட்டையும் குஞ்சும் வைத்துக் காத்திருந்தவை, அருகே வந்த காலைக் கடித்தன. பெரும்பாலும் ஓராளுக்கு ஒரே ஒரு கடிதான். வெறிகொண்ட கூட்டம் மனிதனைத் தின்ற கதை அங்கே இல்லை. பிள்ளையைக் காத்த பெற்றோரின் கதையே இருந்தது. ஆற்றைத் தேக்கியவன் மனிதன். கொடியது என்ற பட்டம் கிடைத்தது மீனுக்கு.

இனி இரண்டாவது கேள்வி. வயிறு நிறையத் தீனி போட்டால் கடிக்காது அல்லவா என்கிறான். பசித்த பிரானாவைக் காட்டிலும் உண்ட பிரானா சாதுவானது என்பதில் ஐயமில்லை. அதனோடு விடப்பட்ட சிறு மீன்கள் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் தப்பியிருப்பதும் உண்டு. தோல் தடித்த கெளுத்தி வகைகள் இன்னும் நெடுநாள் தப்பும். ஆயினும் ஒரு நாள் இரவு யாரும் காணாதபோது அக்கணக்கு முடிந்துவிடுகிறது. இடம் நெருங்கினாலோ பசி மிகுந்தாலோ பிரானா தன் இனத்தையே கடித்துத் தின்றுவிடுமென்றால், அயலினத்துக்கு என்ன உறுதி?

உறுதி இருக்கிறதென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நாம் கேட்பது ஒன்றுண்டு: தப்பியிருப்பது வாழ்வதாகுமா? மீனின் அச்சத்தை அதன் செவுள் எத்தனை தரம் அடிக்கிறது என்பதைக் கொண்டு எண்ணிப் பார்க்கலாம் என்று மேலே சொன்ன ஆராய்ச்சியில் கண்டோம். துணை குறைந்து நிற்கும் பிரானாவுக்கே மூச்சு விரைகிறது. அப்படியானால், அதன் பல்லுக்கு ஒரு சாண் தொலைவில் இரவும் பகலும் ஒரு மூலையில் ஒட்டிக்கிடக்கும் சிறு மீனின் நிலை என்ன? அதனைப் பார்த்து ‘இரண்டும் எவ்வளவு ஒற்றுமையாயிருக்கின்றன!’ என்று விருந்தினரிடம் பெருமை பேசுவது, வாய்திறக்க முடியாதவனின் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

தீனியைப் பற்றியே இன்னொரு செய்தி. தங்க மீன்களை உயிரோடு வாங்கிவந்து பிரானாவின் முன் விட்டு, நண்பர்களைக் கூட்டிவைத்து வேடிக்கை பார்ப்பவர் பல தேசங்களிலும் உண்டு. ‘உயிர் இரைதான் அதற்கு நல்லது’ என்பது அவர்கள் சொல்லும் காரணம். உண்மை அதற்கு மாறானது. கடையில் நெருக்கி அடைத்து விற்கப்படும் இரை மீன்கள் நோயையும் ஒட்டுண்ணியையும் கொண்டுவருவன. தங்க மீனின் உடலில் பி1 என்னும் உயிர்ச்சத்தை அழிக்கும் ஒரு பொருளும் இருக்கிறது. அதையே தின்றுவரும் மீன் நாளடைவில் நலங்கெடும். இறாலையும் மீன் துண்டையும் கொடுத்தால் பிரானா அவற்றை உண்டு நன்றாகவே வளரும். எனவே, உயிர் இரை வேண்டியிருப்பது மீனின் வயிற்றுக்கன்று, பார்ப்பவனின் கண்ணுக்கே.

மூன்றாவது கேள்வியே கடினமானது. மீன் குழம்பு உண்கிறவன் தொட்டி மீனுக்காக வருந்தலாமா? நாம் மீன் உண்பவரே. அதனை மறைத்துப் பரிசுத்தர் போல் எழுதுவது நேர்மையன்று. சந்தையில் வாங்கும் கெம்போங் மீனும் வலையில் துடித்தே மடிந்தது. உயிரைக் கொன்று உண்ணாதவர்கள் நம்மை நோக்கி ‘உனக்கு இதைப் பேச என்ன உரிமை?’ என்று கேட்டால், தலைகுனிந்தே நிற்க வேண்டியிருக்கும். ஆனால் அந்தத் தலைகுனிவிலிருந்து பெறவேண்டிய முடிவு என்ன? ‘ஒரு குற்றம் ஏற்கெனவே உண்டு, ஆகவே மற்றொன்றும் செய்யலாம்’ என்பதா? கடனாளி ஒருவன், ‘எப்படியும் கடன் இருக்கிறதே’ என்று மேலும் சூதாடலாமா? உண்பதற்காகக் கொல்வது சரியா என்பது பெரிய வழக்கு. அவ்வழக்கு முடியும்வரை வேடிக்கைக்காகக் கொல்வதை நிறுத்திவைக்க யாதொரு தடையும் இல்லை. பசி ஒரு காரணம். அது போதுமான காரணமா என்று வாதிக்கலாம். வேடிக்கையோ வாதிப்பதற்குக்கூட நிற்காது. பலவற்றில் தவறுகிறவனுக்கும், தவறாமலிருக்கக்கூடிய இடத்தில் தவறாமலிருக்கும் கடமை மிச்சமிருக்கிறது. அதுவும் இல்லையென்றால் நம்மில் ஒருவருக்கும் ஒழுக்கம் என்பதே இராது.

இவ்வளவும் மீனுக்காக மாத்திரம் சொன்னோம் என்று நேயர்கள் எண்ணவேண்டாம். ‘அது அவர்கள் இயல்பு’ என்னும் சொல் நமக்குப் பழக்கமான சொல்தான். நம் பாட்டனார் காலத்தில் தோட்டத்து லயங்களுக்குக் கூப்பிடு தூரத்திலேயே கள்ளுக்கடை வைக்கப்பட்டிருந்தது. பகலெல்லாம் வேலை, மாலையில் போக வேறு இடமில்லை, கையில் இருந்த காசுக்கு எதிரே கடை. குடித்தவன் அடித்துக்கொண்டு விழுந்தபோது, கடையை வைக்க இடங்கொடுத்தவர்களே ‘கூலிகளின் சுபாவம் அப்படி’ என்று எழுதி வைத்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்றாயிருந்தது. அவர்கள் கேட்டதன் பொருள் என்ன? ‘எங்கள் சுபாவத்தை ஆராய்வது இருக்கட்டும், மதிலுக்குள் எதை வைத்தீர்கள் என்று முதலில் பாருங்கள்’ என்பதல்லவா? குடித்தவனுக்குத் தன் குடியில் பொறுப்பில்லை என்று நாம் சொல்லவில்லை. மனிதன் மீன் அன்று. அவனுக்கு மறுக்கும் அறிவு உண்டு. மறுக்கும் அறிவுள்ளவன் விஷயத்திலேயே இடத்தை அமைத்தவனுக்குப் பங்கு உண்டென்றால், அவ்வறிவில்லாத மீன் விஷயத்தில் முழுப் பங்கும் அமைத்தவனுடையதே அன்றோ?

ஆகவே மருமகனுக்கு நாம் எழுதிய பதிலின் சாரம் வருமாறு: பிரானாவைக் காண விரும்பினால் சிங்கப்பூருக்குப் போ. 2013இல் ரிவர் சஃபாரி என்ற பெயரில் திறக்கப்பட்டு, 2021இல் ரிவர் வொண்டர்ஸ் என்று பெயர் மாறிய காட்சிசாலையில், அதை வளர்க்கக் கற்றவர்கள் பொறுப்பில் அது இருக்கிறது. வேண்டிய மட்டும் நின்று பார். வீட்டில் வைக்காதே. சட்டம் இடங்கொடுக்கும் வேறு ஊனுண்ணி மீனை வைப்பதானால், அது வளர்ந்தபின் எவ்வளவு பெரிதாகும் என்று முதலில் கேட்டறிந்து, அதற்கேற்ற தொட்டி உன்னால் முடியுமா என்று பார். அதனோடு அதன் வாயில் அடங்கும் எதையும் விடாதே. சாதுவான மீன்களைச் சேர்த்து வளர்ப்பதானாலும், ஒளிந்துகொள்ளச் செடியும் கல்லும் போதிய அளவில் வை. ஒன்று மற்றொன்றைத் துன்புறுத்தக் கண்டால் மீனைத் திட்டாதே; இரண்டையும் பிரி. எதுவாயினும், வேண்டாம் என்று தோன்றிய நாளில் வாய்க்காலில் கொட்டிவிடாதே.

பத்து நாள் கழித்து மறு கடிதம் வந்தது. பிரானா எண்ணத்தை விட்டுவிட்டதாகவும், தொட்டியில் முன்பே இருந்த இரு மீன்களில் ஒன்று மற்றொன்றின் வாலைக் கடித்துக்கொண்டிருந்ததைத் தான் இதுவரை பொருட்படுத்தவில்லை என்றும், இப்போது அதனை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டதாகவும் எழுதியிருந்தான். கடிதத்தின் கடைசி வரியில், “மாமா, அந்தப் போத்தல் மீன்களை நீங்கள் கடைசியில் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டிருந்தான்.

செத்ததை வேலியோரம் எறிந்தோம். வென்றதை மறுபடியும் சண்டைக்கு வைத்தோம். வாய்க்கால் இருபது அடி தூரத்தில்தான் இருந்தது. அதில் கொண்டுபோய் விடவேண்டும் என்ற எண்ணம் நமக்கு ஒரு நாளும் வந்ததில்லை. இதை அப்படியே அவனுக்கு எழுதிவிட்டோம். நேயர்களுக்கும் ஒளிக்காமல் சொல்லிவிட்டோம். தத்தம் வீடுகளிலும், தத்தம் அதிகாரத்துக்குட்பட்ட சிறு இடங்களிலும், தாம் எழுப்பியிருக்கும் மதில்கள் எவையெவை என்று ஒவ்வொருவரும் ஒரு முறை எண்ணிப் பார்ப்பார்களாக.